சுழல்மைய இடமாற்றக் கண்காணிப்புக் குழு

வெனிலா செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். செய்ய வேண்டிய வேலையைச் செய்வதற்கு முன்னால் அதை நோட்டில் எழுதிவிட்டாள்.

மாவட்ட எண்மச் சிற்ப ஆவணக் கழகம் என்பது விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம். மாவட்டத்தில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் சிலைகளையெல்லாம் ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, அங்கேயே செதுக்கிச் சீராக்கி, வருங்காலச் சந்ததியிடம் ஒப்படைப்பது அதன் நோக்கம். தலைமை அலுவலகத்தில் பதினேழு பேர் நோக்கத்தைப் பார்த்துக்கொண்டார்கள். செதுக்குவதற்குத் திண்டிவனம் கிளையில் ஒப்பந்த அடிப்படையில் ஒருத்தி இருந்தாள். அவள்தான் வெனிலா.

முகையூர்ப் பக்கத்துப் பெண். அவள் அம்மா சூசை மேரி, வாழ்நாளெல்லாம் அடுத்தவர் நிலத்தில் குனிந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கியவள். மகளுக்கு நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்ததை இரண்டு வருடமாகியும் அவளால் முழுசாக நம்ப முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் பண்ணி, "சேரு இன்னும் இருக்குதா?" என்று கேட்டுக்கொள்வாள். இருந்தது. ஆனால் மார்ச் முப்பத்தொன்று வரைக்கும்தான். அதற்குள் ஒரு சிலையையாவது முடித்து முடிவுச் சான்று பெற்றால், பணி நீட்டிப்பு பரிசீலிக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் போட்டிருந்தது. 'பரிசீலிக்கப்படும்' என்ற சொல்லை வெனிலா நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வயது இருபத்தாறு.

அவளிடம் இருந்த சிலை, திண்டிவனம் மார்க்கெட் வாசலில் நிற்கும் ஒரு சிமெண்டுப் பெண். இடுப்பில் கூடை, கூடை நிறைய மல்லாட்டை. யார் வைத்தார்கள், எப்போது வைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. பெயரும் கிடையாது. ஜனங்கள் மல்லாட்டை அம்மா என்பார்கள். மழையில் கரைந்து மூக்கு போய்விட்டிருந்தது. ஐந்து மாதம் உட்கார்ந்து, விரல் நகம் முதல் கூடைப் பின்னல் வரை வெனிலா திரையில் செதுக்கி முடித்தாள். மூக்குக்கு மட்டும் தன் அம்மாவின் மூக்கை வைத்தாள். அதைக் கேட்க எந்தப் படிவத்திலும் இடம் இல்லாததால் யாருக்கும் சொல்லவில்லை.

ஜூலைக் கடைசியில், சிலையைத் திரையில் சுற்றிப் பார்க்கலாம் என்று லேசாகத் திருப்பினாள். மல்லாட்டை அம்மா காணாமல் போனாள்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் எந்த உருவத்தைத் திருப்பினாலும் அது ஒரு புள்ளியைச் சுற்றித்தான் திரும்பும். பிவட் என்பார்கள், சுழல்மையம். அது உருவத்தின் வயிற்றுக்குள் இருக்க வேண்டும். ஸ்கேன் எடுக்க வந்த காண்டிராக்டர் ஆளோ, விழுப்புரம் தலைமை அலுவலக வாசலில் டீ குடித்துக்கொண்டே கருவியை ஆன் செய்துவிட்டார். கருவி அந்த வாசலைத்தான் உலகத்தின் தொடக்கம் என்று குறித்துக்கொண்டது. அதனால் சிலை திண்டிவனத்திலும் அதன் சுழல்மையம் முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி விழுப்புரத்திலும் பதிவாகிவிட்டன. செக்கு மாடு மாதிரி அந்த அம்மா விழுப்புரத்தைச் சுற்றினாள். கால்வாசி திருப்பினால் கடலூர்ப் பக்கம் கடலில் இறங்கினாள். பாதி திருப்பினால் திருவெண்ணெய்நல்லூரைத் தாண்டிப் போய்விட்டாள்.

இதைச் சரிசெய்ய இரண்டு கிளிக் போதும். 'மையத்துக்குக் கொண்டுவா' என்று ஒன்று, 'பூட்டு' என்று ஒன்று. தும்மல் போடுகிற நேரம்.

ஆனால் வெனிலா ஒழுங்கான பெண். அன்றன்றைய வேலையை நாட்குறிப்பில் எழுத வேண்டும் என்று சொல்லியிருந்ததால் எழுதினாள்: 'சிலையின் சுழல்மையத்தை விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு மாற்ற வேண்டும்.'

கிளைக் கண்காணிப்பாளர் ராஜாமணி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். வரி அப்படியேதான் இருந்தது.

"இன்னாம்மா எழுதி வெச்சிக்கீற?"

"பிவட் சார். தள்ளி இருக்குது. ரெண்டு கிளிக்குல சரி பண்ணிடுவேன்."

"பண்ணிட்டியா?"

"இன்னும் இல்ல சார்."

"அப்பாடா" என்று அவர் நாற்காலியில் சாய்ந்தார். "செல, மாத்தறது, ரெண்டையும் ஒரே வரியில எழுதலாமாம்மா? நம்ம ஜில்லாவுல ஒரு செலய ஒரு அடி நகத்தினா எத்தினி பஸ்ஸு கண்ணாடி ஒடயும் தெரியுமா? நீ முப்பத்தெட்டு கிலோமீட்டரு நகத்தறேன்ற."

"செல நகராது சார். அது நிக்கற எடத்துலயேதான் நிக்கும். நடுப்புள்ளிய மட்டும்தான்…"

"நீ சொல்ற. ஃபைலு சொல்லணுமே."

"அப்ப அந்த வரிய அடிச்சிடட்டுமா சார்?"

"பதிவேட்டுல அடிக்கறதா?" ராஜாமணிக்கு உண்மையாகவே வேர்த்துவிட்டது. "அதுக்குத் தனியா என்கொயரி வரும்மா. வேலைக்கு வந்த எடத்துல பேஜாரு பண்ணாத. விழுப்புரம் போயி பெரியவர பாரு."

பெரியவர் என்பது தனி அலுவலர் தேவசகாயம். வெனிலா பஸ் ஏறிப் போய் இரண்டு நாள் காத்திருந்து மூன்றாம் நாள் அவரைப் பார்த்தாள். மடிக்கணினியைத் திறந்து, சிலையைத் திருப்பி, அது பறந்து போவதைக் காட்டினாள். தேவசகாயம் ரசித்துப் பார்த்தார். இன்னொரு தடவை காட்டச் சொன்னார்.

"இது எதச் சுத்தி வருதுன்னு சொன்ன?"

"நம்ம ஆபீஸ் வாசல் கேட்டத்தான் சார்."

"இதுல இன்னா தப்பு இருக்குது?"

தேவசகாயம் எழுந்து ஜன்னல் பக்கம் போய் அந்த கேட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார்.

"இங்க பாரும்மா. தலைமையிடம்னா இன்னா? எல்லாம் அதச் சுத்தணும். கிளை சுத்தணும், ஊழியர் சுத்தணும், பொதுமக்கள் சுத்தணும். நான் இருபத்தொம்போது வருஷமா மக்களச் சுத்த விட்டுக்கினுதான் இருக்கேன். ஒரு சிமெண்டுப் பொம்பள எங்களச் சுத்தறதுல ஒனக்கு இன்னா கஷ்டம்? மையத்தத் தூக்கி அவ வயித்துலயே வெச்சிட்டா, அவ பாட்டுக்கு நின்ன எடத்துல திரும்பிக்குவா. அப்புறம் நாங்க எதுக்கு?"

இதை அவர் கோபத்தில் சொல்லவில்லை. விளக்கமாகத்தான் சொன்னார்.

"சார், முடிவுச் சான்று வாங்கணும்னா செல சுத்தணும் சார். மார்ச்சுக்குள்ள இல்லன்னா என்ன அனுப்பிடுவாங்க."

"நியாயமான கோரிக்கைதான்" என்று தேவசகாயம் இரக்கத்தோடு தலையசைத்தார். "அதுக்காகத்தான் ஒரு குழு போடறேன்."

பதினாலு பேர் கொண்ட சுழல்மைய இடமாற்றக் கண்காணிப்புக் குழு அந்த வாரமே அமைந்தது. குழுவுக்கு ஒரு ஜீப்பும் அமைந்தது. முதல் கூட்டத்தில், சுழல்மையம் தலைமை அலுவலகத்தில் இத்தனை மாதம் இருந்திருப்பதால் அதை முறையாகப் பணிவிடுவிப்பு செய்துதான் அனுப்ப வேண்டும் என்று முடிவானது. இரண்டாவது கூட்டத்தில், அது தலைமை அலுவலக வாசலில் எந்த இடத்தில் இருக்கிறது என்று நேரில் பார்த்தார்கள். டீக்கடை பெஞ்சுக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் நடுவில் வெனிலா காட்டிய இடத்தில் சுண்ணாம்பில் வட்டம் போட்டு, யாரும் மிதிக்காமல் கயிறு கட்டினார்கள். டீக்கடைக்காரர் பெஞ்சைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். அவர் ஒருவர்தான் இந்த விவகாரத்தில் உடனே ஒத்துழைத்தவர்.

மூன்றாவதாகக் காவல்துறையின் கருத்து கேட்கப்பட்டது. இன்ஸ்பெக்டர் சின்னதுரை திண்டிவனம் கிளைக்கு வந்தார். இரண்டு போலீஸ்காரர்கள் கம்ப்யூட்டரின் இருபுறமும் நின்றார்கள். சின்னதுரை திரையிலிருந்த மல்லாட்டை அம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தம்மா எந்த சமூகம்?"

"செல சார்" என்றாள் வெனிலா.

"செலன்னா சமூகம் இல்லாம பூடுமா? பந்தோபஸ்து எந்தத் தெருவுல போடறதுன்னு நான் எப்படி முடிவு பண்றது? யாராவது ரோட்ட மறிச்சா யாரக் கூப்புட்டுப் பேசறது?"

"பேரே தெரியாது சார் அவங்களுக்கு. மல்லாட்டை புடுங்கறவங்க."

"அப்ப இன்னான்னு எனக்கே தெரிஞ்சிபோச்சு" என்றார் சின்னதுரை. நோட்டை எடுத்தவர், எதையோ யோசித்துக்கொண்டு எழுதாமலே மூடினார். "சட்டம் ஒழுங்கு பார்வையில சொல்றேன். உத்தரவு வர்ற வரைக்கும் செலைக்குக் கூண்டு போட்டுடுங்க."

மறுநாளே மார்க்கெட் வாசலில் நின்ற சிமெண்டு அம்மாவைச் சுற்றி இரும்புக் கம்பிக் கூண்டு எழும்பிவிட்டது. வெல்டிங் வேலை இத்தனை வேகமாக நடக்கும் என்று திண்டிவனத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை. வெனிலா அதைப் பார்த்துவிட்டு ஆபீஸ் வந்தால் மேஜையில் ஒரு குறிப்பு இருந்தது. மூலச் சிலையும் எண்மச் சிலையும் ஒன்றுபோல் இருக்க வேண்டியது கழகத்தின் அடிப்படைக் கொள்கை என்பதால், கம்ப்யூட்டரில் உள்ள சிலைக்கும் உடனடியாகக் கூண்டு போடவும்.

போட்டாள். நாலு நாள் உட்கார்ந்து கம்பி கம்பியாக, பூட்டோடு செய்தாள். தன் அம்மாவின் மூக்குக்கு முன்னால் தானே கம்பி நடுவது அவளுக்குப் பொறுக்கவில்லை. எந்தக் கையால் செதுக்கினாளோ அந்தக் கையையே பிடித்து யாரோ முறுக்குவது போல் வலித்தது. முடித்துவிட்டு லேசாகத் திருப்பிப் பார்த்தாள். மல்லாட்டை அம்மா கூண்டோடு கடலில் இறங்கினாள்.

ஜனவரி போனது. கூண்டைப் பார்த்த பிறகுதான் இரண்டு ஊர் ஜனங்களுக்கும் ஏதோ பிரச்சினை இருக்கிறது என்று தெரியவந்தது. அதுவரை யாரும் சண்டை போடவில்லை. இனியும் சும்மா இருந்தால் மரியாதை இல்லை என்று நினைத்தார்களோ என்னவோ, இரண்டு பக்கமும் போஸ்டர் ஒட்டினார்கள். அமைதிப் பேச்சுவார்த்தைக்கு நாள் குறிக்கப்பட்டது.

"எல்லாமே விழுப்புரத்துக்கே போவுது" என்றார் திண்டிவனத்து வியாபாரி ஒருவர், மேஜையைத் தட்டி. "ஜில்லா தலைநகரு உங்களுக்கு, கலெக்டர் ஆபீஸ் உங்களுக்கு. எங்க ஊரு செலயோட நடுவையும் நீங்களே வெச்சிக்குவீங்களா?"

"அது தானா எங்களத் தேடிக்கினு வந்துது" என்றார் விழுப்புரத்துக்காரர். "வந்த பொருள வுட்டுக் குடுத்தா நாளைக்கு ஜங்ஷனயும் கேப்பீங்க."

வெனிலா கடைசி வரிசையிலிருந்து எழுந்து, "ஐயா, அது பொருளே இல்லீங்க. ஒரு புள்ளிதான். அதுக்கு நீளமும் கெடையாது, அகலமும் கெடையாது" என்றாள். இதைக் கேட்டதும் இரண்டு தரப்பும் முதல் தடவையாக ஒன்று சேர்ந்தன. எங்கள் உரிமையைச் சின்னதாகப் பேசாதே என்று இருவரும் அவளைத் திட்டினார்கள். பேச்சுவார்த்தை சுமுகமாக முடிய அதுதான் உதவியது என்று நடவடிக்கைக் குறிப்பில் பின்னால் எழுதியிருந்தார்கள்.

தேவசகாயம் தீர்ப்பு சொன்னார். விழுப்புரமும் வேண்டாம், திண்டிவனமும் வேண்டாம். நடுவாக மயிலம் பக்கம், கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் சுழல்மையத்தை இடைக்காலமாக வைப்பது. குழு ஜீப்பில் கிளம்பியது. கூட்ரோட்டில் இறங்கி இடம் பார்த்தார்கள். மேம்பாலத்துக்கு மேலா, கீழா என்று அரைமணி விவாதம் நடந்தது. வெனிலா மடிக்கணினியை ஜீப்பின் முன்பக்கம் வைத்து, பதினாலு பேர் முன்னிலையில் சுழல்மையத்தை நகர்த்தினாள். அதற்கும் ஒரு கிளிக்தான். வயிற்றுக்குள் வைப்பதற்கு ஆகிற அதே ஒரு கிளிக். குழு கைதட்டியது. மயிலம் முருகனுக்குத் தேங்காய் உடைத்தார்கள்.

இப்போது அந்த அம்மா கூட்டேரிப்பட்டைச் சுற்றினாள். பாதி திருப்பினால் விழுப்புரத்தில் நின்றாள். முன்பு போன தூரத்தில் சரிபாதிதான் போகிறாள் என்பதால், ஐம்பது சதவீதப் பணி நிறைவு என்று அறிக்கை போனது. அறிக்கையைப் படித்துச் சென்னையில் மகிழ்ந்துவிட்டார்கள். துறைச் செயலாளரே நேரில் வந்து பார்ப்பதாகத் தகவல் வந்தது. தேதி மார்ச் இருபத்தெட்டு.

விழா விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் ஆள் உயரத் தொடுதிரை. வாழைமரம், ரோஜா மாலை, கேட்டரிங். திரைக்கும் ஒரு மாலை போட்டிருந்தார்கள். தேவசகாயம் மைக்கைப் பிடித்தார்.

"இந்த ஒரு புள்ளிக்காக நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நாற்பத்திரண்டு கூட்டங்கள். ஒன்பது கள ஆய்வுகள். ஒரு கூண்டு. வேறு யாராக இருந்தாலும் அவசரப்பட்டு வேலையை முடித்திருப்பார்கள். நாங்கள் முடிக்கவில்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

கைதட்டல் ஓய்ந்ததும் செயலாளர் எழுந்து திரையை விரலால் தள்ளினார். மல்லாட்டை அம்மா கூண்டோடு திரையை விட்டு வெளியே போனாள். செயலாளர் வெள்ளைத் திரையைப் பார்த்தார். மறுபடி தள்ளினார். வேகமாகத் தள்ளியதில் அம்மா ஒரு சுற்று முடித்து, ஈ பறப்பது போல் திரையைக் கடந்து மீண்டும் போனாள்.

"எங்கே போகிறார்?"

"இப்ப விழுப்புரத்துல இருப்பாங்க சார்" என்றார் ராஜாமணி. "உடனே வந்துடுவாங்க."

"தியாக உணர்வோடு மாவட்டம் முழுக்கச் சுற்றுப்பயணம் செய்கிறார்" என்றார் தேவசகாயம்.

"முகத்தைப் பார்க்க முடியாதா?" என்றார் செயலாளர். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். பதினாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் கேட்பார் என்பது எந்தக் கூட்டத்திலும் பேசப்படவில்லை.

கடைசி வரிசையில் இருந்த வெனிலாவுக்கு மார்ச் முப்பத்தொன்று நினைவுக்கு வந்தது. இன்னும் மூன்று நாள். சான்று இன்றைக்கு இல்லையென்றால் இல்லைதான். அதையும் தாண்டி, ஐந்து மாதம் அவள் கண்ணில் ஒட்டியிருந்த முகத்தை இத்தனை பேர் கூடியும் ஒருத்தரும் பார்க்காமல் சாப்பிடப் போகப்போகிறார்கள் என்பதில் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. எழுந்து விறுவிறுவென்று மேடைக்குப் போனாள்.

"ஏம்மா, ஏம்மா" என்று ராஜாமணி பின்னாலேயே வந்தார்.

போன அம்மாவைத் திரைக்குத் திருப்பிக் கொண்டுவந்து, கூண்டைக் கண்ணில் படாமல் மறைத்தாள். 'மையத்துக்குக் கொண்டுவா' என்பதைத் தொட்டாள். 'பூட்டு' என்பதைத் தொட்டாள். பிறகு விரலால் மெதுவாகத் தள்ளினாள்.

மல்லாட்டை அம்மா நின்ற இடத்திலேயே திரும்பினாள். முதுகு தெரிந்தது, கொண்டை தெரிந்தது, பாரத்தில் ஒரு பக்கம் சாய்ந்த இடுப்பு தெரிந்தது. கூடையிலிருந்து நழுவப் பார்க்கும் ஒரு மல்லாட்டைக் காய் தெரிந்தது. கடைசியாக முகம் வந்து நின்றது. சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த பெண் ஒருத்தி, "ஐயோ, எங்க ஊரு ஆளு மாதிரியே இருக்குது" என்றாள்.

செயலாளர் கொஞ்ச நேரம் பார்த்தார். "நன்றாக இருக்கிறதே. இதற்கு எவ்வளவு நேரம் ஆனது?"

"ரெண்டு செகண்டு சார்" என்றாள் வெனிலா.

"எட்டு மாதம் சார்" என்றார் தேவசகாயம் அதே மூச்சில். "அந்த இரண்டு செகண்டுக்குப் பின்னால் எட்டு மாத நிர்வாகம் இருக்கிறது."

செயலாளருக்கு இரண்டாவது பதில்தான் புரிந்தது. தேவசகாயத்துக்குக் கேடயம் கொடுத்தார். குழுவினர் பதினாலு பேருக்கும் பொன்னாடை. முடிவுச் சான்றில் அங்கேயே கையெழுத்தானது. வெனிலா அதைக் கையில் வாங்கி, மடிக்காமல், ஒரு அட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

முப்பத்தொன்றாம் தேதி காலையில் ஆணைகள் வந்தன. ராஜாமணி அவளை உட்காரச் சொல்லிவிட்டுப் படித்தார். முதலாவது: வெனிலாவின் பணி நீட்டிப்பு உரிய முறையில் பரிசீலிக்கப்பட்டது. முடிவுச் சான்றின்படி சிலைப் பணி முழுமையாக முடிந்துவிட்டதால், செதுக்குநர் பணியிடத்துக்கு இனி தேவை எழவில்லை. அன்னார் இன்று பிற்பகல் விடுவிக்கப்படுகிறார். இரண்டாவது: சுழல்மையம் முன்னனுமதி இன்றி மேடையில் நகர்த்தப்பட்டது குறித்து ஆராய, கண்காணிப்புக் குழுவின் காலம் மேலும் மூன்று ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்படுகிறது. கூடுதலாக ஒரு ஜீப்.

"சார், முடிச்சாதான் வேலைன்னாங்க."

"ஆமாம்மா."

"முடிச்சிட்டேன் சார்."

"அதாம்மா நானும் சொல்றேன்" என்றார் ராஜாமணி. "நீ அதத் தொட்டிருக்கக் கூடாது. தொடாம இருந்திருந்தா ஃபைலு பாட்டுக்கு ஓடிக்கினே இருக்கும், ஃபைலு ஓடற வரைக்கும் நீயும் இருந்திருப்ப. நான் இருபத்தாறு வருஷமா சர்வீஸ்ல கீறேன். ஒண்ணத் தொட்டிருக்கேனா, சொல்லு?"

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். தன் மகளாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். அதுதான் வெனிலாவுக்குத் தாங்கவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடங்களில் போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வண்டி ஊரைத் தாண்டும்போது போன் அடித்தது. சூசை மேரி. ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் அவள் போன் செய்வதே இல்லை. இன்று கடைசி நாள் என்பதை எப்படியோ எண்ணி வைத்திருந்திருக்கிறாள்.

"இன்னா ஆச்சு புள்ள? வேல இருக்குதா?"

"இல்லம்மா."

"ஏன்? ஒழுங்கா செய்யலையா?"

வெனிலா கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒழுங்கா செஞ்சிட்டேம்மா" என்றாள். "அதான் அனுப்பிட்டாங்க."